வாடிக்கையாளர் என்று நீ போட்ட நம்பர்

தம்பி, பத்து நாளாக நீ போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தபோது அதைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாய், கறி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. "யார்ப்பா கூப்பிடப் போறா?" என்று அம்மா கேட்டதற்கு, "பெரிய வேலைம்மா. கொண்டோ முழுக்க ஏர்கோன் சர்வீஸ். கிடைச்சா ரெண்டு ஆளை வேலைக்கு வெச்சுக்கலாம்" என்றாய். அப்போது உன் முகத்தைப் பார்த்தேன். இத்தனை ஆசையோடு உன்னை நான் பார்த்து வெகுநாள் ஆகிறது. அந்த அடுக்குமாடி வேலைக்காக அவர்கள் முந்தாநாள் திங்கட்கிழமை கூப்பிட்டார்கள். உன்னை அல்ல, என்னை. நான் சொன்ன பதிலால் அந்த வேலை உன் கையை விட்டுப் போகலாம். இதை வேறு யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது, நானே சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போனில் சொல்லலாம்தான். நான் கூப்பிட்டால் "அப்பா, டிரைவிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்பாய், அந்த அப்புறம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் வரும். அதோடு, எனக்கும் உன் குரலைக் கேட்டுக்கொண்டே இதைச் சொல்லத் தைரியம் இல்லை. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன், அம்மா போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள். ஏணியைத் தூக்கித் தூக்கி வலது தோள் போய்விட்டது, நாலு வரிக்கு ஒரு தடவை நிறுத்த வேண்டியிருக்கிறது. எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் கடைசிவரை படி.

திங்கட்கிழமை சாயங்காலம், அந்த அழைப்புக்குப் பிறகு, அம்மாவும் நானும் உட்கார்ந்து உன் கம்பெனியின் இணையப் பக்கத்தை முதல் தடவையாக முழுசாகப் படித்தோம். என் வேனில் ஆறு வருடம் கூடவே வந்துவிட்டு, ஸ்ரீ கெம்பாங்கானில் நீ தனியாகத் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. 'இருபத்தைந்து வருட அனுபவம்' என்று போட்டிருக்கிறாய். உனக்கு வயது இருபத்தேழு. பால் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு ஸ்பானரைப் பிடித்தானா உன் பிள்ளை என்று அம்மாவிடம் கேட்டேன், அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு கீழே இருந்த பாராட்டுகளைப் படித்தோம். பதினொன்று இருந்தது. அதில் ஒன்று உன் சித்தி எழுதியது. அவள் வீட்டு ஏர்கோன் இப்போது ஐஸ் மாதிரி குளிர்கிறதாம். சித்தி வீட்டில் ஏர்கோனே கிடையாது, இரண்டு காற்றாடிதான் சுற்றுகிறது. அதைப் படித்த பிறகு அம்மா சிரிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கீழே, 'எங்கள் நீண்டநாள் வாடிக்கையாளர் திரு. டேவிட், கிள்ளான். நேரடியாகக் கேட்டுப் பாருங்கள்' என்று ஒரு நம்பர். வேலைக்கென்று நான் வைத்திருக்கும் இரண்டாவது போனின் நம்பர்.

அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. ஒரு மாதத்துக்கு முன்னால் பசியாறிக்கொண்டிருந்தபோது நீ வந்து, "அப்பா, யாராச்சும் உங்க நம்பருக்குக் கூப்பிட்டா நல்லபடியா சொல்லுங்க" என்றாய். என்ன ஏது என்று கேட்காமல், வாயில் ரொட்டி சானாயோடு நான் "ம்" என்றேன். அந்த 'ம்' என் தப்பு. உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை என்பது உனக்கு இதுவரை தெரியாது. பதினைந்து வருடமாக அம்மாவும் நானும் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

உனக்கு நினைவு இருக்கிறதா, நீ சின்னப் பையனாக இருந்தபோது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் பின்னால் இருக்கும் ஹாலில் காபியும் கறிபாப்பும் கொடுப்பார்கள். நீயும் மற்றப் பிள்ளைகளும் நாற்காலிகளுக்கு நடுவில் ஓடுவீர்கள். என் தொழில் அந்த ஹாலில்தான் முளைத்தது. "ஏர்கோன் தண்ணி ஒழுகுது, நல்ல ஆள் யாராச்சும் இருக்காங்களா?" என்று யாராவது கேட்பார்கள், இன்னொருவர் காபி கோப்பையாலேயே என்னைக் காட்டுவார். எனக்கு அப்போது போர்டு கிடையாது, வேனில் பெயர் கிடையாது. ஒருவர் வீட்டில் ஒழுங்காக வேலை செய்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீடு வரும். கிள்ளானில் தொடங்கி பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் அப்படியே ஆள் மாற்றி ஆள் சொல்லித்தான் போனது.

ஆனால் கெப்பாசிட்டர் விஷயத்தில் மட்டும் யாரும் என்னை நம்பவில்லை. உனக்கே தெரியும், வெளி யூனிட்டுக்குள் மோட்டாரைக் கிளப்பிவிடும் அந்தச் சின்ன டப்பா பல நேரம் செத்த பிறகும் பார்க்கப் புதுசு மாதிரியே பளபளவென்று இருக்கும். கழற்றிக் காட்டினால், "நல்லாத்தானே இருக்கு அண்ணே?" என்பார்கள். நல்ல சாமானைக் கழற்றிவிட்டுப் புதுசுக்குக் காசு வாங்கப் பார்க்கிறான் என்று அவர்கள் கண்ணில் தெரியும். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பெரியவர் வீட்டில், மீட்டரை வைத்துக் காட்டினேன். "அது உன் மீட்டர்தானே? காது குத்தற வேலையெல்லாம் வேற எங்கயாச்சும் வெச்சுக்கோ" என்று கதவைத் திறந்துவிட்டார். உண்மையைச் சொல்லிவிட்டுத் திருடன் மாதிரி படி இறங்கி வந்தேன். வேனில் உட்கார்ந்து ரொம்ப நேரம் சாவியைத் திருகவே இல்லை. அத்தனை அவமானமாக இருந்தது.

அந்த வாரமே போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கு ஆபிஸில் வேலை. அங்கே கழற்றிய கெப்பாசிட்டர் நிஜமாகவே கருகியிருந்தது. மூடி பூரி மாதிரி உப்பி, ஒரு பக்கம் முழுக்கக் கரி பிடித்து, ஸ்டிக்கர் பாதி கிழிந்து தொங்கியது. குப்பையில் போட வேண்டியதை என் பையில் போட்டுக்கொண்டேன். அடுத்த வீட்டில் கெப்பாசிட்டர் போயிருந்தபோது, அவர்களுடையதைக் கால்சட்டைப் பையில் மறைத்துவிட்டு, இதை எடுத்துக் காட்டினேன். "ஐயோ, இப்படிக் கருகிப்போய் இருக்கே. நல்லவேளை வீடு பத்திக்கலை" என்றார்கள். ஒரு கேள்வி இல்லை. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அந்தக் கருகிய டப்பா என்னோடு வீடு வீடாக வந்தது. போகாத கெப்பாசிட்டரை ஒருநாளும் போய்விட்டது என்று நான் சொன்னதில்லை, அதை மட்டும் நம்பு. போனதைத்தான் மாற்றினேன், வாங்க வேண்டியதைத்தான் வாங்கினேன். யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நம் சர்ச்சில் இருந்தார்களே நர்ஸ் அக்கா, வேலையில் இருந்து ஓய்வு பெற்று கிள்ளானில் தனியாக இருந்தவர், அவர் வீட்டில் அதைக் காட்டியபோது போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். வெளிநாட்டில் இருக்கும் தன் தம்பிக்கு அனுப்பத்தான். நான் கண்டுகொள்ளவில்லை. நாலு மாதம் கழித்து பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் அவருடைய தங்கை வீட்டில் அதே கோளாறு. சிபாரிசு செய்ததே அக்காதான். அங்கேயும் அதையே காட்டினேன். தங்கை, "என் வீட்டுலயும் பார்த்தியா அக்கா" என்று ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை காபி ஹாலில் நர்ஸ் அக்கா என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அம்மாவும் பக்கத்தில்தான் இருந்தாள். குரலை உயர்த்தவில்லை. போனில் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினார். அதே கரி, அதே கிழிந்த ஸ்டிக்கர். "தம்பி, இது ரெண்டும் ஒன்னா?" என்றார்.

"அக்கா, சத்தியமா உங்க வீட்டுது போயிருந்துச்சு. தங்கச்சி வீட்டுதும் போயிருந்துச்சு. பார்த்தா தெரியாது, அதான்" என்றேன். அவர் போனை மூடிப் பைக்குள் வைத்தார். "இருக்கலாம் தம்பி. ஆனா இனிமே எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார். யாரிடமும் அவர் என்னைப் பற்றித் தப்பாகப் பேசவில்லை என்றுதான் நினைக்கிறேன். யாராவது நல்ல ஆள் இருக்கிறார்களா என்று கேட்டபோது சும்மா இருந்திருப்பார், அதுவே போதும். மூன்று மாதத்தில் சர்ச்சில் இருந்து ஒரு வேலையும் வரவில்லை. நானாவது வேலைக்கென்று வெளியே போய்விடுவேன். அம்மாதான் தினமும் அந்த வெட்கத்தோடு வீட்டில் இருந்தாள், ஆராதனை முடிந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் கார் பக்கம் நடப்பாள். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. "ஏன்பா நேரா வீட்டுக்குப் போறோம்? கறிபாப் சாப்பிட்டுப் போகலாம்ல?" என்று பின் சீட்டில் இருந்து கேட்பாய். ரோடு ஜாம் ஆகிவிடும் என்று ஒவ்வொரு வாரமும் உனக்குப் பொய் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் நீ பார்த்துப் பழகிய என் வழக்கங்கள் எல்லாம் வந்தன. கழற்றிய சாமானை வீட்டுக்காரர் கையிலேயே கொடுப்பேன், மீட்டரையும் அவர்களே பிடித்து நம்பரை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். யூனிட் மூடியின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் தேதியும் செய்த வேலையும் எழுதிவைப்பேன். "யாருப்பா இதைத் திறந்து படிக்கப் போறா?" என்று நீ எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாய். ஒருவன் படித்தான். போர்ட் கிள்ளானில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் கடையில் ஏர்கோன் தண்ணீர் வடியும் குழாயை நான் கை தவறி விரிசல் விட்டுவிட்டேன். ஒட்டினேன், அவரிடமும் சொன்னேன், மூடியிலும் எழுதினேன்: 'குழாய் என்னால் உடைந்தது, ஒட்டியிருக்கிறேன், அடுத்த சர்வீஸில் மாற்ற வேண்டும்.' அடுத்த சர்வீஸுக்கு அவர் வேறு ஆளைக் கூப்பிட்டார். வந்தவன் மூடியைத் திறந்து அதை அவருக்குப் படித்துக் காட்டிச் சிரித்திருக்கிறான். மறுநாள் தவுக்கே என்னைக் கூப்பிட்டு, மற்ற இரண்டு கடைகளையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இன்றைக்கும் அவர்தான் நம் பெரிய வாடிக்கை.

இதைக் கேட்டுவிட்டு, உண்மையாக இருந்தால் தொழில் ஓடும் என்று அப்பா சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதே. அப்படி நான் சொல்ல மாட்டேன். கூசாமல் பொய் சொல்கிறவன் மாடி வீடு கட்டியிருக்கிறான், அவன் வீட்டு ஏர்கோனையும் நான்தான் கழுவிவிட்டு வந்தேன். அந்தத் தவுக்கே மாதிரி ஒருவர் வருவதற்கு எனக்கு ஏழு வருடம் ஆனது. எனக்கு அலுத்துவிட்டது, தம்பி. ஐம்பத்தெட்டு வயதில், புதுசாக ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, அந்த வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்க்கிறார். இத்தனை வருடம் நான் சேர்த்தது எதுவும் அந்த வாசலில் செல்லாது. ஏழெட்டுப் பேரிடம் ஏமாந்தவர் அவர், அத்தனை பேர் செய்ததையும் என் தலையில்தான் கட்டுவார். நீ அந்தப் பதினொரு பாராட்டையும் ஏன் எழுதவைத்தாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. நல்ல வேலைக்காரன் நீ. அதை யாரும் பார்க்கக்கூட வரவில்லையே என்ற எரிச்சல். நான் கருகிய டப்பாவைத் தூக்கிக்கொண்டு அலைந்ததும் அதே எரிச்சலில்தான்.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக்கடையில் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. "மிஸ்டர் டேவிட்டா சார்? ஸ்ரீ கெம்பாங்கான்ல கொண்டோ மேனேஜ்மென்ட் ஆபிஸ்ல இருந்து பேசறேன், என் பேரு புவனா. ஏர்கோன் ஆளு ஒருத்தர் கஸ்டமர்னு உங்க நம்பரைக் குடுத்திருக்காரு. அவரு வேலை எப்படி சார், நம்பிக் குடுக்கலாமா?" என்றது ஒரு பெண் குரல். உன் பெயரையும் சொன்னார். அப்போதுதான் அந்த 'ம்' ஞாபகம் வந்தது. "தங்கமான பையன்மா, தாராளமா குடுங்க" என்பது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதில் பொய்யும் இல்லை. என்னைவிட சுத்தமாக வேலை செய்கிறவன் நீ, இதை உன்னிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் இந்நேரம் நீ இரண்டு ஆளைத் தேடிக்கொண்டிருப்பாய். ஆனால் அதை டேவிட் என்ற பெயரில் சொல்ல வேண்டும். ஏணியில் இருந்து இறங்கி, சேலைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"நான் டேவிட் இல்லம்மா. அவனோட அப்பா" என்றேன்.

"அப்பாவா?" என்றார். "அப்போ கஸ்டமர்னு போட்டது?" என்றார். "அது தப்பும்மா. நானும் சேர்ந்து செஞ்ச தப்பு" என்றேன். அதற்குமேல் 'சார்' போய்விட்டது. "அங்கிள், போன தடவை வந்த ஆளு ஏர்கோன்ல கேஸ் ஏத்தினேன்னு சொல்லி முப்பது வீட்டுக்கு பில் குடுத்தான். ஒரு வீட்டுலயும் ஏத்தலை. குடியிருக்கறவங்க என்னை நிக்க வெச்சு ஏசினாங்க. எனக்கு வேலையே போயிருக்கும். இப்போ நீங்க நல்லவன்னு சொன்னா நான் எப்படி எடுத்துக்கறது?" என்று கேட்டார். அவர் குரலிலும் என்னுடைய அலுப்புதான் இருந்தது. "எடுத்துக்காதீங்கம்மா" என்றேன். "சரி, ஒரு குறை சொல்லுங்க. அதையாச்சும் நம்பறேன்" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "ஏதாச்சும் உடைஞ்சா உடனே சொல்ல மாட்டான்மா. தானே சரி பண்ணப் பார்ப்பான். ரெண்டு நாள் கழிச்சு வந்து சொல்லுவான்" என்றேன். "ஆனா சொல்லிருவாரா?" என்று கேட்டார். "சொல்லிருவான்" என்றேன். இதில் மட்டும் அப்பாவாக இல்லாமல், ஆறு வருடம் உன்னோடு வேலை செய்தவனாகச் சொன்னேன்.

அவர் முடிவாகச் சொன்னது இதுதான். வாசல் காவலாளிகளின் கார்டு ஹவுஸில் இருக்கும் ஏர்கோனை மூன்று பேர் பார்த்துவிட்டார்கள், இன்னும் ஒழுகுகிறதாம். சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஆபிஸ் திறந்திருக்கும். அதற்குள் நீயாகவே கூப்பிட்டு, கொடுத்த நம்பர் யாருடையது என்று சொன்னால், அந்த ஒரு ஏர்கோனை உன்னிடம் கொடுத்துப் பார்ப்பாராம். மற்றதெல்லாம் அப்புறம். கூப்பிடவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாராம். "நான் பேசினதை அவன்கிட்ட சொல்லுவேன்மா, சொல்லாம இருக்க முடியாது" என்றேன். "சொல்லுங்க அங்கிள். தெரிஞ்ச பிறகும் கூப்பிடறாரான்னுதான் பார்க்கணும்" என்றார். கெட்டிக்காரப் பெண்.

உனக்கு என்மேல் கோபம் வரும். பெற்ற அப்பாவே பிழைப்பைக் கெடுத்துவிட்டார் என்று தோன்றும். தோன்றட்டும், நான் வாதாட வரமாட்டேன். திங்கட்கிழமையில் இருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. கூப்பிடுவதாக இருந்தால் வேனை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசு. 'டேவிட் என் மாமா' என்று அவரிடம் பூசி மெழுகப் பார்க்காதே. சித்தியின் பாராட்டை எடுத்துவிடு, பாவம், நாளைக்கு அவளையும் யாராவது கேட்கப்போகிறார்கள். கார்டு ஹவுஸுக்குப் போனால் முதலில் தண்ணீர் வடியும் குழாயின் சாய்வைப் பார், மூன்று பேர் பார்த்தும் ஒழுகுகிறது என்றால் மூன்று பேரும் கேஸைத்தான் பார்த்திருப்பார்கள். இதையும் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ, கை எழுதிவிட்டது.

இன்று புதன்கிழமை. நீ கூப்பிட்டாயா இல்லையா என்று நான் உன்னைக் கேட்க மாட்டேன், அந்தப் பெண்ணைக் கூப்பிட்டும் கேட்க மாட்டேன். என் நம்பரை உன் இணையப் பக்கத்தில் இருந்து எடுப்பதும் வைப்பதும் உன் இஷ்டம். அது அங்கே இருக்கும்வரைக்கும், யார் கூப்பிட்டாலும் எடுப்பேன். எடுத்ததும், அவர்கள் எதையும் கேட்பதற்கு முன்னாலேயே, "அவனோட அப்பா பேசறேன்" என்றுதான் சொல்வேன்.